கோடு போடுவதும் தமிழ்ப் பாடம்தான்

நான் நடத்தும் தமிழ் வகுப்பைப் பற்றி ஒரு பெற்றோர் ஞாயிறு சாயங்காலம் நம் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் போட்ட வாய்ஸ் மெசேஜ் இதற்குள் உங்களில் பலருக்கும் வந்திருக்கும். கதை சொல்லித் தராமல் 'உம்', 'தான்', 'ஆனால்' எல்லாவற்றுக்கும் அடியில் கோடு போடச் சொல்கிறார்களாம், இதற்கா பிள்ளையை அனுப்புகிறோம் என்று கேட்கிறார்.

ஆமாம், இதற்குத்தான் அனுப்புகிறீர்கள்.

என்னிடம் வரும் பிள்ளைகள் தடுக்காமல் வாசிக்கிறார்கள். வாசித்ததில் எது புதுச் செய்தி, எழுதியவர் எதை அழுத்துகிறார் என்று கேட்டால்தான் விழிக்கிறார்கள். போன வகுப்பில் பலகையில் எழுதினேன்: "காவிரித் தண்ணீர் திங்கட்கிழமையும் வராது." என்றைக்கு வராது? "திங்கள்!" என்று எல்லோரும் கத்தினார்கள். அவ்வளவுதானா என்றேன். சத்தமே இல்லை. பின்வரிசையில் ஒரு பெண் மட்டும், "வேற ஏதோ ஒரு நாளும் வராதா மிஸ்?" என்றாள். அந்த 'உம்'முக்கு அடியில்தான் கோடு போடச் சொன்னேன். "நேற்று வந்தது டேங்கர்" என்றால் எது வந்தது என்பதற்குப் பதில். "டேங்கர் வந்தது நேற்று" என்றால் எப்போது என்பதற்கு. இது தெரியாமல் வாசிப்பது வாசிப்பே இல்லை.

இலக்கணத்தைத் திணிக்கிறேன் என்பீர்கள். தொல்காப்பியம், இடைச்சொற்களைப் பற்றிய இடையியலில், 'உம்'முக்கு மட்டும் எட்டுப் பொருள் சொல்கிறது. நான் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன், பெயர்கூடச் சொல்லவில்லை.

"எங்களுக்கெல்லாம் தானாக வந்ததே?" வந்தது, நாள் முழுக்கத் தமிழ் காதில் விழுந்த ஊரில் வளர்ந்தீர்கள். இங்கே பெங்களூர் அல்சூரில் வளர்ந்த எனக்குப் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும்தான். அப்பா தினசரியை உரக்க வாசிக்கச் சொல்வார். "ஆனாலும்" வந்ததும் நிறுத்தி, "இப்போ பேச்சை மாத்தப் போறாரு, என்ன சொல்லுவாரு பாரு" என்பார். அப்படிக் கேட்க ஆள் இருந்ததால் எனக்குப் பிடிபட்டது. உங்கள் வீட்டில் யார் கேட்கிறார்கள்? கீழே விளையாடும்போது "நானூ பர்த்தீனி" (நானும் வருகிறேன்) என்று கன்னடத்தில் சரளமாகச் சொல்கிற பிள்ளைதான் அது. அந்த 'ஊ' செய்கிற வேலையைத்தான் நம் 'உம்' செய்கிறது. யாராவது ஒருவர் சுட்டிக்காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கதையின் சுவை கெடும் என்ற கவலை நியாயம். அதனால்தான் வாரம் ஒரு பத்தியோடு சரி.

அந்த மெசேஜின் கடைசியில், "பெங்களூர் தமிழ் பேசுறவங்களுக்கு என்ன தெரியும்" என்று ஒரு சிரிப்பு. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை 18 வருடம் மூடியே கிடந்தது. 2009இல் திறந்தபோது நானும் அப்பாவும் கூட்டத்தில் நின்றிருந்தோம். சுற்றி நின்றவர்கள் பேசியது இந்தத் தமிழ்தான். எங்கள் பேச்சில் கன்னடம் கலக்கும், 'கொஞ்சம்' என்பதற்கு "ஸ்வல்ப" என்று வாயில் வந்துவிடும். அதற்கும் ஒரு பத்தி என்ன சொல்ல வருகிறது என்று காட்டித் தருவதற்கும் என்ன சம்பந்தம்? சம்பளம் கேட்டேனா? மரியாதை கேட்பது அதிகமா?

பிள்ளையை நிறுத்துவதென்றால் நிறுத்துங்கள். ஆனால் ஒரு வகுப்பு முழுக்க வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, அப்புறம் என்னிடமே நேரில் சொல்லி நிறுத்துங்கள்.