ஒரு குடிசைக்கு ஏழு ஷில்லிங்

போன வாரம் நண்பர் ஒருவர் வாட்ஸப்பில் ஒரு காணொளி அனுப்பியிருந்தார். ஈட்டியும் மாட்டுத்தோல் கேடயமுமாக ஓடிவந்து பிரிட்டிஷ் படையைச் சிதறடிக்கும் தென்னாப்பிரிக்காவின் ஜூலு வீரர்கள், பின்னணியில் முரசுச் சத்தம். பார்த்தபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் நம்மிடையே ஜூலுக்களைப் பற்றி யார் பேசினாலும் அந்த ஒரே நாளோடு, இசாண்டில்வானாவில் அவர்கள் வென்ற 1879 ஜனவரி 22-ஆம் தேதியோடு, பேச்சு முடிந்துவிடுகிறது. எனக்கு மனதை அறுப்பது அதற்கு முன்னும் பின்னும் நடந்ததுதான். அந்தக் கதையை நான் சொன்னால் போரில் தொடங்க மாட்டேன், வரியில்தான் தொடங்குவேன்.

1849-ல் நேட்டாலில் குடிசைக்கு ஏழு ஷில்லிங் என்று வரி போட்டார்கள். நேட்டால் என்பது துகேலா ஆற்றுக்குத் தெற்கே, 1843-ல் பிரிட்டிஷார் எடுத்துக்கொண்ட பகுதி. ஆற்றுக்கு வடக்கே ஜூலு அரசு அப்போது சுதந்திரமாகவே இருந்தது. தெற்கில் இருந்த ஆப்பிரிக்க மக்களை ஷெப்ஸ்டன் என்ற அதிகாரி ஒதுக்கிவிட்ட நிலங்களில் அடைத்து, அவர்களுடைய குலத் தலைவர்களை வைத்தே அவர்களை ஆளும் முறையைக் கொண்டுவந்தார். தலைவன் ஒழுங்காக வரி கட்டவைத்தால் தலைவன், இல்லையென்றால் வேறொருவன். ஒரு வீட்டில் ஒவ்வொரு மனைவிக்கும் தனிக் குடிசை இருக்கும், ஆக வரி ஒரு குடும்பத்துக்கு ஒன்றோடு நிற்காது. மாடுதான் சொத்து, மாடுதான் பரிசம், மாடுதான் மரியாதை என்று வாழ்ந்த மக்களிடம் ஷில்லிங்குக்கு எங்கே போவது? மாட்டை விற்க வேண்டும், அல்லது வீட்டுப் பிள்ளையை வெள்ளைக்காரனிடம் கூலிக்கு அனுப்ப வேண்டும். 1875-ல் அந்த ஏழு ஷில்லிங் பதினாலு ஆனது.

அப்படியும் கரும்புத் தோட்டக்காரர்கள் கேட்ட அளவுக்கு ஆள் கிடைக்கவில்லை. கொஞ்சம் நிலமும் நாலு மாடும் மிஞ்சியிருக்கிற வரைக்கும் வருடக்கணக்கில் ஒப்பந்தம் போட்டுத் தோட்டத்தில் குனிந்து கிடக்க அந்த மக்கள் சம்மதிக்கவில்லை. அதனால்தான் தோட்டக்காரர்கள் கடல்தாண்டி ஆள் தேடினார்கள், சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16-ஆம் தேதி டர்பன் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் போனார்கள், அதில் தமிழர்கள் ஏராளம். நம் ஆட்கள் அங்கே கரும்பு வெட்டப் போனதற்கும் ஜூலுக்கள் வெட்ட மறுத்ததற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது என்பதை நாம் எங்கேயும் சொல்லிக்கொள்வதில்லை. இரண்டு பேரையும் ஒரே தராசில்தான் நிறுத்துப் பார்த்தான் முதலாளி.

சரி, போருக்கு வருகிறேன். வடக்கே செட்ஷ்வாயோ மன்னராக இருந்தார். அவரை நாட்டின் அரசராக ஏற்று 1873-ல் முடிசூட்டு விழாவுக்குப் போய்வந்தவர் அதே ஷெப்ஸ்டன்தான். ஐந்தே வருடத்தில் எல்லாம் தலைகீழ். போயர்களுக்கும், அதாவது டச்சு வம்சாவளி வெள்ளைக் குடியேறிகளுக்கும், ஜூலுக்களுக்கும் இருந்த எல்லைத் தகராறை விசாரிக்க நேட்டால் அரசே அமைத்த குழு, பெரும்பாலும் ஜூலுக்கள் பக்கமே நியாயம் என்று சொன்னது. அந்த அறிக்கையை மாதக்கணக்கில் வெளியிடாமல் வைத்திருந்த பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் பார்ட்டில் ஃப்ரேர், 1878 டிசம்பர் 11-ஆம் தேதி துகேலா கரையில் அதை அறிவித்த கையோடு இறுதி எச்சரிக்கை ஒன்றையும் படிக்கவைத்தார். லண்டன் அரசு போர் வேண்டாம் என்று சொல்லியிருந்தும்!

அந்த எச்சரிக்கையில் கேட்டதைக் கொஞ்சம் கவனியுங்கள். அமாபூத்தோ என்கிற முறையைக் கலைக்க வேண்டும், இளைஞர்கள் மன்னர் அனுமதி இல்லாமலே கல்யாணம் செய்துகொள்ள விட வேண்டும். அமாபூத்தோ என்றால் ஒரே வயதுப் பிள்ளைகளை ஒரு அணியாகச் சேர்த்து மன்னருக்காக உழைக்கவும் சண்டையிடவும் வைக்கும் ஏற்பாடு. அதாவது அந்த நாட்டு இளைஞர்களின் உழைப்பு மன்னரிடம் இருந்தது. வைரச் சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் ஆள் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு அது கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. ஜூலுப் படையைக் கண்டு பயம் என்று ஆயிரம் சொன்னாலும், போரின் வேர் இந்த உழைப்பில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இசாண்டில்வானாவில் பிரிட்டிஷ் தரப்பில் 1,300 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் நூற்றுக்கணக்கானவர்கள் நேட்டாலில் இருந்து திரட்டப்பட்ட கறுப்பர்கள், காணொளிகளில் அவர்கள் வருவதே இல்லை. ஜூலுக்களிலும் ஆயிரம் பேராவது மடிந்திருப்பார்கள். ஜூலை 4-ஆம் தேதி ஜூலு தலைநகர் உலுண்டி வீழ்ந்தது, ஆகஸ்ட் கடைசியில் செட்ஷ்வாயோ பிடிபட்டு கேப் டவுனுக்குக் கொண்டுபோகப்பட்டார்.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் மிகக் கொடுமை. வென்ற கையோடு பிரிட்டன் அந்த நாட்டைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளவில்லை. வுல்ஸ்லி என்ற தளபதி அதை 13 துண்டாக்கி 13 தலைவர்களிடம் கொடுத்தார். மன்னர் குடும்பத்துக்கு ஆகாதவர்களாகப் பார்த்துப் பொறுக்கினார், ஜான் டன் என்ற வெள்ளை வியாபாரிக்கும் ஒரு பெரிய துண்டு. கூடப் பிறந்தவன் கூடப் பிறந்தவனை வெட்ட வேறென்ன வேண்டும்? 1882-ல் செட்ஷ்வாயோ லண்டனுக்கே போய் விக்டோரியா அரசியைப் பார்த்துப் பேசினார், 1883-ல் சுருங்கிப்போன ஒரு பகுதிக்கு மன்னராகத் திரும்பிவந்தார், அதே வருடம் ஜிபெபு என்ற எதிரித் தலைவனின் படை உலுண்டியை எரித்து மூத்த ஆலோசகர்களைக் கொன்றுபோட்டது. அடுத்த பிப்ரவரியில் எஷோவேயில் மன்னர் இறந்தார், விஷம் வைத்துவிட்டார்கள் என்று ஜூலுக்கள் பலர் நம்பினார்கள். மகன் டினுஜூலு போயர்களின் உதவியோடு ஜிபெபுவைத் தோற்கடித்தார், அதற்குக் கூலியாக அவர்கள் நல்ல மேய்ச்சல் நிலங்களை வளைத்துக்கொண்டார்கள். உள்நாட்டுச் சண்டையில் நாடு இப்படி நொறுங்கிக் கிடந்தபோது, 1887-ல், பிரிட்டன் நிதானமாக வந்து மீதியை எடுத்துக்கொண்டது. டினுஜூலுவை செயின்ட் ஹெலினா தீவுக்கு அனுப்பியது. பிறகு மாட்டுக் கொள்ளைநோய் வந்து மந்தைகளை அழித்தது. 1902-ல் தொடங்கி நிலம் அளந்த ஆணையம் ஏறத்தாழ 26 லட்சம் ஏக்கரை வெள்ளையர்களுக்குத் திறந்துவிட்டது.

1905-ல் இன்னொரு வரி. இந்த முறை தலைவரி, வளர்ந்த ஆண் ஒவ்வொருவருக்கும் ஒரு பவுண்டு. குடிசை வரியை அப்பா கட்டிக்கொண்டிருந்தார், இப்போது கல்யாணமாகாத பையனும் கட்ட வேண்டும். 1906-ல் நேட்டாலின் ரிச்மண்டில் இரண்டு போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டதற்கு 12 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். கிரேடவுன் பக்கத்துத் தலைவர் பம்பாதா இங்காண்ட்லா காட்டுக்குள் போய்ப் போராடினார். ஜூன் 10-ஆம் தேதி மோமே பள்ளத்தாக்கில் அவருடைய போராட்டம் முறியடிக்கப்பட்டது. அந்த வருடம் இறந்த ஜூலுக்கள் மூவாயிரத்திலிருந்து நாலாயிரம் வரை. வெள்ளையர் தரப்பில் சில பத்துப் பேர்.

அங்கே நம் ஆட்களும் இருந்தார்கள். காந்தி 24 பேர் கொண்ட தூக்குப்படுக்கைக் குழுவோடு போனார், அதில் பெரும்பாலானோர் ஒப்பந்தம் முடிந்த தென்னிந்தியத் தொழிலாளர்கள் என்று அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். காந்தி அப்போது அரசாங்கத்தின் பக்கம் நின்றுதான் போனார், அதை மூடி மறைப்பதில் எனக்கு விருப்பம் இல்லை. போன இடத்தில் பார்த்ததோ சவுக்கடி வாங்கிச் சீழ்பிடித்துக் கிடந்த ஜூலுக்களை, வெள்ளையர்கள் தொட மறுத்த புண்களை. இது போர் இல்லை, மனித வேட்டை என்று பின்னால் எழுதினார். எனக்கு அந்தப் புண்ணைக் கழுவிய கூலிக்காரர் கைகள்தான் நினைவில் நிற்கின்றன. கரும்புக் காட்டில் சவுக்குச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த முதுகுகளைப் பார்த்தபோது என்ன தோன்றியிருக்கும்? ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கிய இந்தியர்கள்மீது வருடம் மூன்று பவுண்டு வரி இருந்த காலம் அது.

இதைச் சொல்லும்போது 1949-ஐயும் சொல்லியாக வேண்டும். அந்த ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கர்கள் இந்தியர்கள்மீது பாய்ந்த கலவரத்தில் மொத்தம் 142 பேர் இறந்தார்கள். இந்தியர் 50, ஆப்பிரிக்கர் 87. இந்தியக் கடைகளும் பேருந்துகளும் வாடகை வீடுகளும் கண்ணெதிரே இருந்தன, நிலத்தைப் பறித்தவன் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருந்தான். அதை வைத்து ஜூலுக்களே நம் எதிரிகள் என்று இன்றும் சிலர் எழுதுவதைப் படித்தால் கோபம் வருகிறது. 1913 நிலச் சட்டம் ஆப்பிரிக்கர்களுக்கு நாட்டு நிலத்தில் 7 சதவீதத்தைத்தான் விட்டுவைத்தது, 1936-ல் அது 13 என்று ஆனது. அந்த நெரிசலில் பிறந்தது அந்த வெறி.

அப்புறம் நிறவெறி அரசு ஷெப்ஸ்டனின் பழைய யோசனையையே எடுத்து குவாஜுலு என்று சிதறிய துண்டுகளால் ஒரு ‘தாயகம்’ செய்தது. அதன் முதல்வர் புத்தலேசி, தனி நாடு என்ற பொய்ச் சுதந்திரத்தை ஏற்க மறுத்தார், அதை மதிக்கிறேன். ஆனால் அவருடைய இங்காத்தா கட்சிக்கு அரசு ரகசியமாகப் பணம் கொடுத்தது 1991-ல் அம்பலமானது. எண்பதுகளின் நடுவிலிருந்து பத்து வருடத்தில், இங்காத்தாவுக்கும் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் பக்கத்தவர்களுக்கும் நடந்த சண்டையில் இருபதாயிரம் பேர் அளவில் செத்தார்கள், அதில் பெரும்பகுதி ஜூலுவை ஜூலுவே கொன்றது. பத்திரிகைகள் ‘இனச் சண்டை’ என்று எழுதின. போர்க்குணம் கொண்ட இனம் என்ற பட்டத்தை நான் வெறுப்பது இதனால்தான், யார் தூண்டினார்கள் என்ற கேள்வியையே அது அமுக்கிவிடுகிறது.

1994 தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன் குவாஜுலு நிலம் இங்கோன்யாமா அறக்கட்டளை என்ற பெயரில், மன்னரை அறங்காவலராக வைத்து, மாற்றப்பட்டது. சுமார் 28 லட்சம் ஹெக்டேர். வெள்ளையரிடம் போகாமல் காத்தோம் என்று அதை ஆதரிப்பவர்கள் சொல்வார்கள், அந்தப் பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த மக்களைக் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவைத்து வருடா வருடம் வாடகை வாங்கியது அதே அறக்கட்டளைதான். வழக்குப் போட்டவர்களில் கிராமப்புறப் பெண்களின் அமைப்பு ஒன்றும் இருந்தது. 2021 ஜூனில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றம், அந்த நிலம் அங்கே வாழும் மக்களுடையது, வாங்கிய வாடகையைத் திருப்பிக் கொடு என்று தீர்ப்பளித்தது.