பத்திரம் என்னிடம், சாவி அவரிடம்

"சார், பொண்ணுக்குப் பரீட்சை இன்னும் முடியலையே!"

இன்று காலை கிரில் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு சொல்கிறார் குடியிருப்பவர். என் வீட்டு கிரில் கதவு. அவரோடு சேர்த்து நான் விலைக்கு வாங்கிய வீடு. பத்திரம், பட்டா, சொத்து வரி ரசீது எல்லாம் என் பெயரில் இருக்கிற வீடு. போன தடவை கேட்டபோது ஆடி மாதம், வீடு மாறக் கூடாதாம். அதற்கு முன்னால் மாமியாருக்கு முட்டி ஆபரேஷன்.

"வீடு பார்த்துட்டுத்தான் இருக்கோம் சார், இது மாதிரி எதுவும் அமையல."

எப்படி ஐயா அமையும்? வாடகை கொடுக்காமல் குடியிருக்க இன்னொரு வீடு ஊரில் எங்கே கிடைக்கும்? "உள்ளே வந்து ஒரு பார்வை பார்க்கலாமா?" என்றேன். "எல்லாரும் தூங்கிட்டிருக்காங்க சார்." மணி பத்து. பின்னால் குக்கர் விசில் அடிக்கிறது. தூக்கத்திலேயே சமைக்கிற குடும்பம் போலிருக்கிறது. அப்புறம் உபசாரம் வேறு: "தண்ணி குடிக்கிறீங்களா சார்?" கம்பிக்கு நடுவே டம்ளர் வந்தது. என் கிணற்றுத் தண்ணீர். வாங்கிக் குடித்தேன், வேறென்ன செய்ய?

டம்ளரைத் திருப்பி வாங்கும்போதுதான் விஷயத்துக்கு வந்தார். "என் அட்வான்ஸைக் கொடுத்துட்டா நாளைக்கே காலி பண்ணிடறேன்." அட்வான்ஸை வாங்கினவர் பழைய உரிமையாளர். அங்கேயே நின்று அவருக்குப் போன் போட்டேன். "நான்தான் வீட்டை வித்துட்டேனே சார், இனி அது உங்க ரெண்டு பேர் விஷயம்" என்று வைத்துவிட்டார். கிரில் கதவுக்குப் பின்னால் இருந்தவர், 'பார்த்தீர்களா' என்பது போலத் தலையாட்டினார்.

இதே பழைய உரிமையாளர்தான் கிரயப் பத்திரத்தில், வீட்டை இன்றே என் கைவசம், அதாவது சுவாதீனம், ஒப்படைத்துவிட்டதாகவும், நான் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டவர். ஆள்வது கிரில் கதவுக்காரர், அனுபவிப்பது அவர் குடும்பம். எனக்கு மிச்சம் வங்கித் தவணை. "வாடகையே தவணையைக் கட்டிடும் சார், வில்லங்கம் கிளீன்" என்றார் புரோக்கர். பதிவான ஆவணங்கள்தானே வில்லங்கச் சான்றிதழில் வரும்! வாய்ப்பேச்சில் குடிவந்தவர் அதில் எந்த வரியில் வருவார்?

வக்கீலிடம் போனால் அவர் சட்டத்தைப் பிரித்து வைக்கிறார். குடியிருப்பவரோடு வாங்கினால், பழையவர் இடத்தில் நான் நிற்கிறேன், வாடகை உறவு அப்படியே தொடருமாம். பூட்டை உடைத்துச் சாமானை வெளியே வைத்தால், 1963ஆம் வருடத்து ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 6ஆம் பிரிவில் அவர் 6 மாதத்துக்குள் வழக்குப் போடலாம். வீடு யாருடையது என்று கோர்ட் கேட்கவே கேட்காது. நேற்று வரை யார் உள்ளே இருந்தார் என்பது மட்டும்தான் கேள்வி. அங்கே என் பட்டாவை விசிறிக்கொள்ளலாம், காற்றாவது வரும்.

கரண்டைப் பிடுங்கு என்று யோசனை சொல்லாத சொந்தக்காரர் இல்லை. தமிழ்நாட்டின் 2017ஆம் வருட வாடகைச் சட்டத்தில் அதற்கும் தடை இருக்கிறது. இன்னொருவர், "12 வருஷம் இருந்துட்டா வீடு அவருக்கே சொந்தமாயிடும்" என்று வயிற்றில் புளியைக் கரைத்தார். வாடகைக்கு வந்தவர் உரிமையாளர் அனுமதியில் இருப்பவர், அந்தக் கணக்கு அவருக்கு ஓடாது. நல்லவேளை, இதை வக்கீல் சொன்னார். ஆனால் காலி செய்ய வைக்க வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், அங்கே வாய்தா.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் போன். அவரேதான். குரலில் அப்படி ஒரு மரியாதை. "ஹவுஸ் ஓனர் சார், பாத்ரூம் சுவர் ஈரமா இருக்கு. குழாய் வாஷர்னா நானே மாத்திடுவேன், அது வாடகைக்கு இருக்கிறவங்க வேலை. இது பைப். பைப் மாத்தறது ஓனர் பொறுப்புன்னு சட்டத்திலேயே அட்டவணை இருக்கு." இருக்கிறது, போய்ப் பார்த்தேன். வாடகை கொடுப்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது, அந்தப் பக்கத்தை மட்டும் எப்படியோ புரட்டாமல் விட்டிருக்கிறார். சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. வீட்டில் இருப்பவர்கள் பயந்துபோய் எட்டிப் பார்த்தார்கள்.

சரி என்று பிளம்பரைக் கூப்பிட்டால், "தெருமுனைக்கு வந்துட்டேன் சார்" என்றார். மத்தியானம் சொன்னது. இப்போது இருட்டிவிட்டது, போன் சுவிட்ச் ஆஃப். இந்த பிளம்பர்கள் எல்லாம் எந்தத் தெருவின் முனையில்தான் நிற்கிறார்கள்?