என் பெண் தரையில்தான் கிடப்பாள்

வடபழனி மண்டபத்து வளைகாப்பில், பாயில் கிடந்த என் பெண்ணைத் தூக்கி, குழந்தையைக் குழிக்குள் உட்கார வைக்கிற பேபி சீட்டில் வைத்து எடுத்த வீடியோவையும், அதில் நான் அவளை வெடுக்கென்று தூக்கியதையும் இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் புண்ணியம் செய்தவர்கள், அப்படியே அடுத்த பதிவுக்குப் போய்விடுங்கள். பார்த்தவர்களில் பாதிப் பேர் "விசேஷ வீட்டில் போய் இப்படியா முகத்தில் அடித்த மாதிரி நடந்துகொள்வது" என்று என்னிடமே கேட்டுவிட்டீர்கள். மீதிப் பேர் என் மாமியாரிடம் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லத் தெம்பில்லை. மொத்தமாக இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த வீடியோவைச் சத்தத்தை அணைத்துவிட்டு இன்னொரு தடவை பாருங்கள். "மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கா பாரு" என்று பின்னால் கேட்கிற குரலும், சுற்றி நிற்பவர்களின் சிரிப்பும்தான் உங்களை ஏமாற்றுகின்றன. சத்தம் இல்லாமல் பார்த்தால் என் பெண்ணின் தலை இடது தோளில் சாய்ந்து கிடப்பது தெரியும். தாடை நெஞ்சில் இடிக்கிறது. முதுகு கூனிப் போயிருக்கிறது. ஒரு கை சீட்டின் விளிம்புக்கும் இடுப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதை வெளியே இழுக்க ஒரு முறை முயல்கிறாள், முடியாமல் விட்டுவிடுகிறாள். வாயிலிருந்து வடிகிற எச்சில் பட்டுப்பாவாடையில் இறங்குகிறது. இதற்குப் பெயர் உட்கார்வது இல்லை. சொருகி வைப்பது.

அவளுக்கு ஐந்து மாதம்தான் ஆகிறது. அவளால் இன்னும் உட்கார முடியாது. முடிய வேண்டிய கட்டாயமும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளை வைத்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், பிடிமானம் இல்லாமல் உட்காரும் வயது ஏறத்தாழ 4 மாதத்திலிருந்து 9 மாதம் தாண்டியும் போகிறது. எல்லாமே சாதாரணம்தான். "எங்க பேரன் நாலு மாசத்திலேயே உட்கார்ந்தான்" என்று சொன்ன பெரியம்மாவுக்கு என் வாழ்த்துகள். அவனாக உட்கார்ந்தானா, உட்கார வைத்தீர்களா என்று மட்டும் ஒரு தடவை யோசித்துப் பாருங்கள்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். சீட் குழந்தையை உட்கார வைக்கும், உட்காரக் கற்றுக்கொடுக்காது. ஸ்டாண்ட் போட்ட சைக்கிளில் ஏறி எவ்வளவு நேரம் மிதித்தாலும் பேலன்ஸ் வராது இல்லையா, அதே கதைதான். இடுப்பை அந்தக் குழிக்குள் இறுக்கிப் பிடித்துவிட்டால் வயிற்றுத் தசைக்கும் முதுகுத் தசைக்கும் அங்கே பெரிதாக வேலை இல்லை. குழி ஆழமாக இருந்தால் இடுப்பு பின்பக்கம் சரிந்து கீழ் முதுகு வளைகிறது. பக்கவாட்டில் திரும்ப முடியாது. எட்டி எதையும் எடுக்க முடியாது. சாய்ந்தால் கையை ஊன்றித் தப்பிக்கவும் பழக முடியாது, ஏனென்றால் சீட் அவளை விழவே விடாது. உட்காரக் கற்றுக்கொள்வதில் பாதி, சரிவதும் சரிந்த பக்கம் கையை ஊன்றுவதும்தானே?

உட்கார்வது வேறு எங்கேயோ ஆரம்பிக்கிறது. தலை நிற்க வேண்டும். அப்புறம் குப்புற விழ வேண்டும். முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்க வேண்டும், பிறகு உள்ளங்கையை ஊன்றி நெஞ்சைத் தூக்க வேண்டும். புரள வேண்டும். கடைசியில் இரண்டு கையையும் முன்னால் ஊன்றித் தள்ளாடித் தள்ளாடி ஒரு உட்கார்தல் வரும். அதுதான் அசல். இதெல்லாம் நடக்கிற இடம் தரை. கெட்டியான, தட்டையான, காசு இல்லாத தரை.

வீட்டுக்கு வந்து பாருங்கள், சும்மா சொல்லவில்லை. மேடவாக்கத்தில் எங்களுடையது இரண்டு பெட்ரூம் ஃபிளாட். ஹாலில் டீபாயைத் தூக்கி பால்கனியில் போட்டுவிட்டு அம்மா காலையில் கோரைப்பாயை விரிப்பார். அதன்மேல் ஒரு பழைய பருத்திப் புடவை. பாப்பாவைக் குப்புறப் போட்டுவிட்டு, எட்டியும் எட்டாத தூரத்தில் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து வைப்பார். அவ்வளவுதான் விளையாட்டுச் சாமான். பாப்பா அதைப் பார்ப்பாள். முனகுவாள். ஒரு கையால் உடம்பைத் தாங்கிக்கொண்டு இன்னொரு கையை நீட்டுவாள். அந்த ஒரு கையில் எடை ஏறும்போது தோள் நடுங்குவது கண்ணுக்குத் தெரியும். பிறகு முன்னால் போவதற்குப் பதில் கையால் தள்ளிப் பின்னால் போவாள். கிண்ணம் இன்னும் தூரமாகிவிடும். கோபம் வந்து ஒரு கத்து கத்துவாள். அம்மா அசைய மாட்டார். "கத்தட்டும், அதுவா வழி கண்டுபிடிக்கும்" என்பார். சில நாளில் வழி கண்டுபிடிப்பாள், சில நாளில் புடவையைச் சப்பிக்கொண்டே தூங்கிப்போவாள். கன்னத்தில் பாயின் வரி பதிந்திருக்கும். தூங்கியதும் மெதுவாகத் திருப்பி மல்லாக்கப் போட்டுவிடுவோம்.

இந்தக் கடைசி விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அதற்கும் ஒரு சண்டை வரும். தூங்கும்போது மல்லாக்க, விழித்திருக்கும்போது குப்புற. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 1992இல் குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்துத் தூங்க வைக்காதீர்கள் என்று சொன்ன பிறகு அங்கே தொட்டில் மரணங்கள், அதாவது தூக்கத்திலேயே குழந்தை காரணம் தெரியாமல் திடீரென இறந்துபோவது, பாதிக்குப் பாதி குறைந்தன. ஆனால் நாள் முழுக்க மல்லாக்கவே கிடந்து, மீதி நேரம் கார் சீட், ராக்கர், பவுன்சர் மாதிரியான சாய்வு இருக்கைகள் என்று மாறிமாறி இருந்ததில் பின்மண்டை தட்டையான குழந்தைகள் அதிகமானார்கள். அதனால்தான் விழித்திருக்கும்போது குப்புறப் போடுங்கள் என்று இன்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதலில் இன்னும் தெளிவாகவே இருக்கிறது. தவழாத குழந்தைக்கு நாள் முழுக்கப் பிரித்துப் பிரித்து மொத்தம் 30 நிமிடமாவது குப்புறப் படுக்கை. வண்டியிலோ நாற்காலியிலோ கட்டிப்போட்டு வைப்பது ஒரு தடவைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிச்ச ஃபேஷன்" என்று ஒரு சித்தப்பா எழுதியிருந்தார். சித்தப்பா, நீங்கள் தமிழ் எம்.ஏ. பிள்ளைத்தமிழில் காப்புக்கு அடுத்து என்ன பருவம்? செங்கீரை. ஐந்தாம் மாதம். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, தலையைத் தூக்கி ஆடுகிற பருவம். புலவர்கள் முருகனையும் மீனாட்சியையும்கூடத் தரையில் கை ஊன்ற வைத்துத்தான் பாடினார்கள். சீட்டில் சொருகிப் பாடவில்லை.

அடுத்தது, "நாங்களும் சீட்டில்தான் வளர்த்தோம், எங்க பிள்ளை என்ன ஊனமாவா போயிட்டான்?" இல்லை. நானும் அப்படிச் சொல்லவில்லை. சாப்பாடு ஊட்டும்போது, நீங்கள் குளித்துவிட்டு வரும்வரை, கொஞ்ச நேரம் சீட்டில் வைத்தால் ஒன்றும் குடி முழுகிப்போகாது. (உயரமான இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். மேஜைமேல் வைத்து விழுந்து மண்டை உடைந்த குழந்தைகள் உண்டு. 2012இல் அமெரிக்காவில் பம்போ என்ற கம்பெனியின் குழந்தை இருக்கைகள் மட்டும் சுமார் 40 லட்சம் திரும்ப அழைக்கப்பட்டு, அவற்றுக்கு பெல்ட் கொடுக்கப்பட்டது.) பிரச்சினை அந்தப் பதினைந்து நிமிடம் இல்லை. காலையில் ராக்கர், பத்து மணிக்கு சீட், மத்தியானம் ஸ்ட்ரோலர், சாயங்காலம் காரில் கார் சீட், இரவு மடி. தரையைத் தொடாமலே ஒரு நாள் முடிந்துபோகிறது. குழந்தைகளுக்கு பிசியோதெரபி பார்க்கிற தோழி ஒருத்தி, இப்படி வளர்ந்து கழுத்து ஒரு பக்கம் இறுகி, மண்டை தட்டையாகி வருகிற பிள்ளைகளை 'கன்டெய்னர் பேபி' என்று தங்கள் வட்டத்தில் சொல்வார்கள் என்றாள். கன்டெய்னர்! துறைமுகத்தில் வந்து இறங்குவது மாதிரி.

இன்னொருவர் ரொம்ப படித்தவர். "தவழாமலேயே நடக்கிற குழந்தை இருக்கிறது, அமெரிக்காவில் 2022இல் குழந்தை வளர்ச்சி மைல்கல் பட்டியலிலிருந்தே தவழ்வதை எடுத்துவிட்டார்கள்" என்கிறார். உண்மை. எடுத்துவிட்டார்கள். நான் மேலே சொன்ன 2006 ஆய்விலும் சுமார் 4 சதவீதக் குழந்தைகள் முட்டிபோட்டுத் தவழவில்லை. ஆனால் சார், பட்டியலில் இல்லை என்றால் வாய்ப்பே கொடுக்காதே என்றா அர்த்தம்? தரையில் விட்டும் தவழாமல் எழுந்து நடந்தால் அது அவள் இஷ்டம். தரையிலேயே விடாமல் வைத்திருந்தால் அது உங்கள் இஷ்டம்.

"தூளியில் போடுறீங்களே, அது மட்டும் என்ன?" என்று கேட்ட அண்ணிக்கு: தூளியை இன்னொரு நாள் பேசலாம். அது தூங்குவதற்கு. அவ்வளவுதான்.

வேலைக்குப் போகிறவர்கள், கூட ஆள் இல்லாதவர்கள், ஒற்றை ரூமில் இருப்பவர்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. எறும்பு வருகிறது, கரப்பான் வருகிறது, ஃபினாயில் போட்டுத் துடைத்த தரை, மூத்தவன் மேலே ஓடி விழுகிறான், எல்லாம் தெரியும். குக்கர் விசில் அடிக்கும்போது குழந்தையை எங்கே வைப்பது என்பது நிஜமான கேள்வி. வையுங்கள், சீட்டிலேயே வையுங்கள். இந்தப் பதிவு உங்களுக்கு இல்லை. ஆயிரம் பேர் உட்காரும் ஏசி மண்டபத்தில், பார்த்துக்கொள்ள ஆறு பேர் சுற்றி இருக்கும்போது, நிம்மதியாகப் பாயில் கிடந்த குழந்தையைத் தூக்கி, வீடியோவுக்காக வேறு ஒரு குழந்தையின் சீட்டில் சொருகியவர்களுக்கு.

வாக்கரைப் பற்றியும் கேட்டார்கள். சுருக்கமாகச் சொன்னால், வேண்டவே வேண்டாம். கனடாவில் 2004இலிருந்து தடை. பழையதை விற்பதுகூட அங்கே குற்றம். நம் தி.நகரில் கடை வாசலிலேயே அடுக்கி வைத்திருக்கிறார்கள், பாட்டு வேறு பாடுகிறது. நம்மிடம் நடைவண்டி இருந்தது. அறுபத்துமூவர் திருவிழாவுக்கு மயிலாப்பூர் மாடவீதியில் போனால் இப்போதும் மரத்தில் கிடைக்கும். குழந்தை தானாக எழுந்து, தன் காலில் நின்று, தன் எடையைத் தானே தாங்கித் தள்ள வேண்டும். விட்டால் விழுவாள். வாக்கரில் தொங்கிக்கொண்டு நுனிக்காலால் உந்தினால் போதும், வீடு முழுக்கப் பறக்கலாம், படியிலிருந்தும் பறக்கலாம். இரண்டிலும் சக்கரம் இருக்கிறது என்பதற்காக இரண்டும் ஒன்றாகிவிடாது.

சரி, கோபம் எங்கே வந்தது என்று உங்களுக்கே தெரியும். சீட்டில் வைத்ததற்காக மட்டும் நான் அப்படி நடந்துகொள்ளவில்லை. வீடியோ ஆரம்பிப்பதற்கு முன்னால் நடந்தது வீடியோவில் இல்லை. "ஐயோ, பிள்ளையை இப்படித் தரையில போட்டிருக்கீங்களே, ஒரு சீட் வாங்க முடியாதா? ஊர்ப்பக்கம் அப்படித்தான், பாயில போட்டுட்டு வயல்வேலைக்குப் போயிடுவாங்க." இதை என்னிடம் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். என் அம்மாவிடம் சொன்னார்கள். என் அம்மா மன்னார்குடியிலிருந்து வந்து, தன் முட்டி வலியோடு இந்தத் தரையில் உட்கார்ந்து எழுந்து என் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பாயைச் சுருட்டி, கொண்டுவந்திருந்த கட்டைப்பையில் செருகிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். அதற்குப் பிறகுதான் நான் பாப்பாவைச் சீட்டிலிருந்து தூக்கினேன். "வெடுக்கென்று பிடுங்கினாள்" என்கிறீர்களே, ஆமாம், பிடுங்கினேன்.

இங்கே எல்லோருக்கும் தரை என்றால் ஒரு கூச்சம். டைல்ஸுக்குச் சதுர அடிக்கு எவ்வளவு என்று விலை சொல்லத் தெரியும், அதில் உட்கார மட்டும் கௌரவம் இடம் கொடுக்காது. வீட்டில் வேலை செய்கிற அக்கா தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார், நாம் டைனிங் டேபிளில். தரை யாருக்கு என்று முடிவு செய்து வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் ஐந்து மாதக் குழந்தை தரையில் கிடந்தால் யாரோ அதைக் கவனிக்காமல் விட்டுவிட்ட மாதிரி உங்களுக்குத் தெரிகிறது, பெல்ட் போட்டு இறுக்கினால் கவனித்துக்கொள்கிற மாதிரி தெரிகிறது. என் அம்மா நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார் கண்ணுக்கும் படவில்லை. பாய் மட்டும் பட்டுவிட்டது.

மன்னிப்புக் கேட்கச் சொல்லி மூன்று பக்கத்திலிருந்து போன் வந்துவிட்டது. வளைகாப்புப் பெண்ணிடம் அவள் விசேஷத்தில் கலாட்டா ஆனதற்காக வருத்தம் என்று நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். அவள் புரிந்துகொண்டாள். மற்றவர்களிடம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. முதலில் என் அம்மாவுக்கு ஒரு போன் போடுங்கள், அப்புறம் நம்முடையதைப் பார்க்கலாம்.

இனி உண்மையான கவலை. 26 வார பிரசவ லீவு முடியப்போகிறது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் இருப்பதால் அம்மாவும் ஊருக்குப் போயாக வேண்டும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் கிரஷ் (குழந்தைக் காப்பகம்) வசதி இருக்க வேண்டும் என்று 2017இலேயே சட்டம் திருத்தியாகிவிட்டது. எங்கள் ஆபீஸில் கேட்டால் வெளியே ஒரு கிரஷ்ஷோடு 'டை-அப்' இருக்கிறது என்று ஒரு நம்பர் கொடுக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். சுவர் முழுக்க கார்ட்டூன், ஏசி, கேமரா, எல்லாம் சரி. சுவரோரமாக வரிசையாக ராக்கர், ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தை, எதிரே டிவி. தரையில் ஒரு குழந்தை இல்லை. "கீழே விட்டா பார்த்துக்க ஆள் பத்தாது மேடம்" என்று அந்தப் பெண் ஒளிக்காமல் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அங்கே விட மனமும் வரவில்லை.

மேடவாக்கம், பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், கொஞ்சம் தள்ளி வேளச்சேரி வரைக்கும் பரவாயில்லை. ஒரு வயதுக்குக் கீழே இருக்கிற குழந்தைகளைப் பாய் விரித்துத் தரையில் விடுகிற கிரஷ் யாருக்காவது தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். ஏசி இல்லாவிட்டாலும் சரி. ஃபீஸ் எவ்வளவு, ஒரு ஆயாவுக்கு எத்தனை குழந்தை என்பதையும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.