கோக்கர் கண்டுபிடித்தாராம்!

கொடைக்கானலைப் பற்றி ஒரு தம்பி எடுத்துப் போட்ட அந்த வீடியோவை நேற்றிலிருந்து பதினோரு பேர் அனுப்பிவிட்டீர்கள். பார்த்துவிட்டேன் சாமிகளா, போதும்.

1872-இல் கோக்கர் "கண்டுபிடித்த" இடமாம். கொடைக்கானல் என்ன, யாரோ தொலைத்த வீட்டுச் சாவியா? லெஃப்டினன்ட் கோக்கர் மலை விளிம்பை ஒட்டி ஒரு கிலோமீட்டருக்குப் பாதை போட்டார். நல்ல பாதை. கோக்கர்ஸ் வாக் என்று அவர் பெயர் இருப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் பாதை போடுவது வேறு, கண்டுபிடிப்பது வேறு. அவருக்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே பளியர் பழங்குடிகள் இந்த மலையில் தேனெடுத்து, கிழங்கு தோண்டி வாழ்ந்திருக்கிறார்கள். தாண்டிக்குடிப் பக்கம் பழங்காலத்து ஈமச்சின்னங்களான கற்திட்டைகள் நிற்கின்றனவே, அவற்றையும் கோக்கர்தான் லீவு நாளில் அடுக்கினாரா?

"வெள்ளைக்காரன் வராவிட்டால் இன்னும் காடாகத்தான் கிடந்திருக்கும்" என்று உடனே கிளம்புவீர்கள். சரி. 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் வீடு கட்டினார்கள், 1863-இல் லெவிஞ்ச் என்ற அதிகாரி ஏரியை உண்டாக்கினார், 1908-இல் பிரையண்ட் என்ற வன அதிகாரி பூங்கா போட்டார். யார் இல்லையென்றது? இவர்களெல்லாம் மலைக்கு எப்படி வந்தார்கள் என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை.

டோலியில் வந்தார்கள். ரோடு வருவதற்கு முன்னால், பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து, நம்மாட்கள் தோளில். அப்பத்தாவைப் பெற்றவர் அப்படித் தூக்கியவர். வலது தோளில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் காய்ப்பு இருக்குமாம். சின்னப் பிள்ளையில் அதை அமுக்கி அமுக்கி விளையாடுவேன் என்று அப்பத்தா சொல்லும். வலிக்காதா என்று கேட்டால், "அதுல உணர்ச்சியே இருக்காதுடா" என்னும்.

அப்பா அதே கோக்கர்ஸ் வாக் வாசலில் அவித்த கடலை விற்றார். மஞ்சு மூடியதும் "ஒண்ணுமே தெரியல, காசு தண்டம்" என்று திரும்புகிறவர்களை, "பத்து நிமிஷம் நில்லுங்க சார், விலகிரும்" என்று நிறுத்துவார். விலகும். தூரத்தில் வைகை அணை சில்லறைக்காசு மாதிரி மின்னும். அதைப் பார்த்துவிட்டு அவரிடம் கடலை வாங்காமலேயே போவார்கள், அது வேறு கதை.

"ஒரு வார்த்தைக்கா இவ்வளவு கோபம்?" ஆமாம், அந்த ஒரு வார்த்தைக்குத்தான். போன மாதம் என் மகனே, "நம்ம ஊரை யாருப்பா கண்டுபிடிச்சது?" என்று கேட்டான். இங்கேயே பிறந்த பிள்ளை. எனக்குச் சோறு இறங்கவில்லை. "வெறுப்பைப் பரப்பாதே" என்று இன்பாக்ஸில் வந்த அண்ணனுக்குப் பதில் சொல்வதாக இல்லை. அண்ணன் கோக்கருக்குச் சொந்தக்காரர் போல.

வரலாறு தெரியாமல் பேசுவதைக்கூட விட்டுவிடலாம். வீடியோவில் நாற்பதாவது நொடியை நிறுத்திப் பாருங்கள். தம்பி "கண்டுபிடித்த" என்று சொல்லும்போது இடது ஓரத்தில் சோளம் சுடுகிற ஒரு அம்மா தெரிவார். கேமராவில் விழாமல் தள்ளிப் போகச் சொல்லி தம்பி கையை ஆட்டுகிறார். அவரும் தட்டையும் விசிறியையும் தூக்கிக்கொண்டு நகர்கிறார்.

அது என் சித்தி.