நோபல் வாங்கிய பெண் மேரி கியூரி மட்டும்தானா?

சிதம்பரம், மயிலாடுதுறை பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பதிவு சுற்றுகிறது: "நம்ம ஊர் வெங்கி ராமகிருஷ்ணன் தனி ஆளாக நோபல் வாங்கினார். அறிவியலில் நோபல் வாங்கிய ஒரே பெண் மேரி கியூரி." இரண்டுமே தவறு.

வெங்கி பிறந்தது சிதம்பரத்தில்தான், அதில் நமக்கெல்லாம் பெருமை. ஆனால் 2009 வேதியியல் நோபலை அவர் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் இருவரோடும் பகிர்ந்துகொண்டார். யோனத் இஸ்ரேலைச் சேர்ந்த பெண். செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமைப் படிகமாக்கவே முடியாது என்று பலர் நினைத்த காலத்தில், 1980 வாக்கில் அதைச் செய்து காட்டியவர். அதன் அமைப்பைப் படமெடுக்க எக்ஸ் கதிரைப் பாய்ச்சியதும் படிகங்கள் சிதைந்தன. அவர் விடவில்லை, கடுங்குளிரில் உறையவைத்துப் படமெடுக்கும் வழியைக் கண்டார். பல ஆன்டிபயாட்டிக்குகள் கிருமியின் ரைபோசோமைத்தான் தாக்குகின்றன. மருந்துக்கு அடங்காத கிருமிகளோடு உலகமே போராடும்போது அந்த உழைப்பு எவ்வளவு பெரியது!

அப்புறம், மலேரியா மருந்துக்காக 2015-ல் சீனாவைச் சேர்ந்த து யூயூ என்ற பெண் நோபல் வாங்கினார். 2020 வேதியியல் பரிசு முழுக்க இரண்டு பெண்களுக்கு: இம்மானுவேல் ஷார்பென்டியே, ஜெனிஃபர் டவுட்னா.

உலக ஆராய்ச்சியாளர்களில் பெண்கள் இன்னும் மூன்றில் ஒரு பங்குதான் என்பது உண்மை. அது வாய்ப்பின் குறை, திறமையின் குறை அல்ல. பிளஸ் டூ படிக்கும் என் அக்கா மகளும் அந்தக் குழுவில் இருக்கிறாள். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.