ரெஃப்ரெஷ் பண்ணினா எல்லாம் சரியாயிடும்ணா

மறுபடியும் செஷன் எக்ஸ்பயர்டு, அதாவது லாகின் காலாவதி. தெரியும்தானே அந்த வெள்ளைப் பக்கம்?

தர்மபுரி பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு பிரவுசிங் சென்டர். பெண்ணின் ஸ்காலர்ஷிப்புக்கு வருமானச் சான்று வேண்டும். வாசலிலேயே ‘செருப்பை வெளியே விடவும்’. உள்ளே தரை என் செருப்பைவிட மோசம். தூசி பட்டால் ஃபிளாப்பி கெட்டுவிடும் என்று எந்தக் காலத்திலோ கம்ப்யூட்டர் லேபில் போட்ட சட்டம். ஃபிளாப்பி செத்தும் சட்டம் சாகவில்லை.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த தம்பி வேகமாகத்தான் அடித்தார். பெயர், ஆதார், முகவரி, கிராமம், தாலுகா, பின்கோடு. ஸ்கேன் பண்ணினதையும் ஏற்றியாயிற்று. சப்மிட் பொத்தான் கண்ணெதிரே இருக்கிறது. அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

அழுத்தவில்லை. எல்லா விண்டோவையும் கீழே இறக்கினார். வெறும் டெஸ்க்டாப். ரைட் கிளிக், ரெஃப்ரெஷ். ரைட் கிளிக், ரெஃப்ரெஷ். ஐகான்கள் ஒருமுறை கண் சிமிட்டின. மறுபடியும் ரைட் கிளிக்.

“என்ன தம்பி பண்றீங்க?”

“சிஸ்டம் கொஞ்சம் ஃப்ரீ ஆகட்டும்ணா.”

ஐயா சாமி, அங்கே ரெஃப்ரெஷ் அழுத்தினால் ஐகான்களைத் திரும்ப வரைந்து காட்டும், அவ்வளவுதான். புதிதாகப் போட்ட ஃபைல் கண்ணில் படாவிட்டால் உதவும். மெமரி காலியாகாது, புராசசர் இளைப்பாறாது, எங்கோ இருக்கிற சர்வருக்குச் சளி குணமாகாது.

பூஜை முடிந்து படிவத்துக்குத் திரும்பி, ஒருவழியாக சப்மிட். வட்டம் சுற்றியது. சுற்றட்டும் என்று விடலாம் அல்லவா? டக்கென்று எஃப் 5, பக்கத்தையே முதலிலிருந்து ஏற்றும் பொத்தான். அடித்ததெல்லாம் போச்சு. மறுபடி லாகின், மறுபடி ஓடிபி, மறுபடி “அப்பா பேர் சொல்லுங்கண்ணா”. கேட்டால், “சர்வர் பிரச்சினைண்ணா.” ஆமாம், எஃப் 5-ஐயும் சர்வர்தான் வந்து அழுத்தியது.

யார் கற்றுக்கொடுத்தார்கள் என்றேன். கோர்ஸில் முதல் நாளே சொன்னார்களாம். எதற்கென்று சொன்னார்களா? “அதெல்லாம் நாங்க கேக்கலண்ணா.” சர்டிபிகேட் மட்டும் லேமினேட் ஆகிச் சுவரில் தொங்குகிறது.

1948-ல் ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் பசித்த புறாக்களைக் கூண்டில் விட்டு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த இடைவெளியில் தீனி வரும்படி வைத்தார். தீனி வந்த நேரத்தில் எதைச் செய்துகொண்டிருந்ததோ, புறா அதையே திரும்பத் திரும்பச் செய்ய ஆரம்பித்தது. ஒன்று கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது, இன்னொன்று மேல் மூலையில் தலையை நுழைத்தது. எட்டுப் புறாவில் ஆறு இப்படி ஆகிவிட்டன. சர்வர் தானாக எழுந்த நேரத்தில் நம் தம்பியின் கை ரெஃப்ரெஷில் இருந்திருக்கிறது. புறாக்களிடம் கோர்ஸ் ஃபீஸாவது யாரும் வாங்கவில்லை.

போன் கடையிலும் இதே மந்திரம்தான்: புது போனா, எட்டு மணி நேரம் சார்ஜ் போட்டுட்டு அப்புறம் ஆன் பண்ணுங்க. நிக்கல் பேட்டரி காலத்துப் பேச்சு. இப்போது இருப்பது லித்தியம், அதற்கு அந்த விரதம் தேவையில்லை. ரேஷன் கடையில் விரலைத் தலையில் தேய்த்து வைக்கச் சொல்வதை மட்டும் நான் திட்ட மாட்டேன். காய்ந்த விரலில் எண்ணெய்ப் பசை ஏறினால் ரேகை பிடிக்கிறது.

கடைசியில் விண்ணப்பம் போய்விட்டது. எப்போது? அவர் இன்னொரு தடவை ரெஃப்ரெஷ் அழுத்திய கையோடு! “பாத்தீங்களாண்ணா” என்று ஒரு சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, வேறு என்ன செய்ய.

அதை விடுங்கள். இந்த பெங்களூரு பஸ்காரர்கள், தர்மபுரிக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு “ஊருக்குள்ள போகாது, பைபாஸ்ல இறங்கிக்கங்க” என்கிறார்களே, நடுராத்திரியில் மூட்டை முடிச்சோடு, இவர்களை யாருமே கேட்க மாட்டீர்களா?