ஏன் திரும்பவில்லை என்று கேட்பவர்களுக்கு

எஞ்சின் நின்று வயலில் இறங்கிய அந்தச் சிறிய விமானத்தைப் பற்றி நம் வேலூர் நண்பர்கள் எழுதுவதையெல்லாம் பொறுமையாகப் படித்துவிட்டேன். உள்ளே இருந்த இருவரும் உயிரோடு நடந்து வெளியே வந்தது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. விமானி ஏன் ஓடுதளத்துக்குத் திரும்பவில்லை என்பதுதான் எல்லோருக்கும் கவலை. "பயிற்சி போதாது" என்ற தீர்ப்பும் சிரிப்புப் பொம்மைகளோடு வந்தாகிவிட்டது.

திரும்பியிருந்தால் செத்திருப்பார்கள், அதனால்தான் திரும்பவில்லை.

செஸ்னா 172 போன்ற ஒற்றை எஞ்சின் விமானம், எஞ்சின் நின்றதும் பொத்தென்று விழுந்துவிடாது. மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர் வேகத்தைக் காப்பாற்றினால், ஓரடி இறங்குவதற்குள் ஏறத்தாழ ஒன்பதடி முன்னே செல்லும். 1000 அடி உயரத்தில் நின்றுபோனால் கையில் இருப்பது ஏறத்தாழ ஒன்றரை நிமிடம். அதற்குள் இடம் பார்த்து, எரிபொருள் வால்வைச் சரிபார்த்து, எஞ்சினை மறுபடி கிளப்ப முயன்று, 'மேடே' என்று வானொலியில் ஆபத்து அழைப்பு விடுத்து, கதவுச் சட்டம் நெளிந்தால் சிக்கிக்கொள்ளும் என்பதால் தரையைத் தொடும் முன்பே கதவையும் திறந்துவிட வேண்டும். புறப்பட்ட சற்று நேரத்தில், 500 அடியில் நின்றால் அதிலும் பாதிதான். அந்த உயரத்தில் பதறிச் சாய்த்துத் திருப்பினால், இறக்கை தாங்குவதற்குத் தேவையான குறைந்தபட்ச வேகமே கூடிவிடும். 60 பாகைச் சாய்வில் 40 விழுக்காட்டுக்கும் மேல். அந்த வேகம் இல்லாவிட்டால் பிறகு தலைகுப்புறத்தான். திரும்பாதே, எதிரே தெரிவதில் இறங்கு என்பது பாலபாடம்.

என் அண்ணன் மகள் விமானப் பயிற்சியில் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். விடுமுறையில் பாலமதி மலைக்கு அழைத்துப் போனால், காட்சியை ரசிக்காமல் கீழே இடம் தேடிக்கொண்டிருந்தாள். "கரும்பு வேண்டாம் சித்தப்பா, சக்கரத்தில் சிக்கிக் கவிழ்த்துவிடும். அந்த மணிலாக் கொல்லை பரவாயில்லை, உழவுச்சால் போகும் திசையிலேயே இறங்கலாம். மின்கம்பி மேலிருந்து தெரியாது, கம்பத்தைத்தான் தேட வேண்டும்." பாலாற்றைக் காட்டினேன். மணல் அள்ளிய பள்ளங்களில் யார் இறங்குவது என்று கேட்டாள்.

எஞ்சின் ஏன் நின்றது, பராமரிப்பு ஒழுங்கா என்று கேட்பது நியாயம், விசாரணை சொல்லட்டும். பயிர் நாசமான விவசாயிக்கு இழப்பீடு தர வேண்டும், அதிலும் மறுபேச்சில்லை. ஆனால் ஏரி வறண்டபோது வாய் திறக்காதவர்களுக்கெல்லாம் திடீரென்று பயிர்மேல் பாசம் பொங்குவதுதான் வேடிக்கை. "பணக்காரர் பொழுதுபோக்கு" என்கிறீர்கள். குடியாத்தத்தில் அண்ணன் அடகு வைத்த நிலப் பத்திரத்தைக் காட்டட்டுமா?

விமானத்தைச் சுற்றி நின்று செல்பி எடுத்தவர்களில் ஒருவர் கையில் பீடி. அந்த வகை விமானத்துக்கு இறக்கைக்குள்தான் பெட்ரோல் தொட்டி. அவரைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. மாறாக, "பொம்பளை ஓட்டியிருப்பாள்" என்று எழுதியவருக்கு நாற்பது விருப்பக்குறிகள். அவர் எங்கள் வீட்டு விசேஷத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர். அவர் அந்த வரியை நீக்கட்டும், நானும் இந்தப் பதிவை நீக்கிவிடுகிறேன்.